பரிணாமப் பாடம்: ஒரே உதாரணத்தை ஆழமாகப் படியுங்கள்

பரிணாமப் பாடத்தில் வரையறைகளை உருப்போடுவதைவிட, ஒரே ஓர் உதாரணத்தை எடுத்து நன்றாக அலசியதுதான் எனக்குத் தேர்வில் கைகொடுத்தது. நான் எடுத்துக்கொண்டது பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளின் ஃபிஞ்ச் பறவைகளை. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் அவற்றின் அலகுகளை அளந்துவந்தார்கள்.

1977-இல் அங்கே மழை பொய்த்தது. சின்ன விதைகள் சீக்கிரமே தீர்ந்துபோய், பெரிய கெட்டி விதைகள் மிஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சிறிய அலகுள்ளவை அதிகம் மடிந்தன. தப்பியவற்றின் குஞ்சுகளுக்குச் சராசரி அலகு முன்பைவிடத் தடிமனாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். உணவு இல்லை என்பதற்காக எந்தப் பறவையின் அலகும் தடித்துவிடவில்லை. இரண்டு வகை அலகும் வறட்சிக்கு முன்பே அங்கு இருந்தன. மாறியது அவற்றின் விகிதம்தான். அதனால் ‘பறவை தன்னை மாற்றிக்கொண்டது’ என்று எழுதாதீர்கள். ‘இனக்கூட்டத்தில் (ஓரிடத்தில் வாழும் ஒரே இனப் பறவைகள் எல்லாவற்றிலும்) தடித்த அலகுள்ளவற்றின் பங்கு கூடியது’ என்று எழுதுங்கள். அலகின் அளவு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் இயற்கைத் தேர்வின் (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் தப்பிப் பெருகுவதன்) விளைவு அடுத்த தலைமுறைக்கே போகாது.

1983-இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) மழை கொட்டித் தீர்த்தது. அப்புறம் சின்ன விதைகள் பெருகி, இயற்கைத் தேர்வு சிறிய அலகின் பக்கம் திரும்பியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பரிணாமம் என்றால் மேலே மேலே முன்னேறுவது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சரி, அடுத்து உயிரினங்களுக்கு இடையிலான உறவுமுறைக் கேள்விகள். அமைப்பொத்த உறுப்புகளுக்கு (வேலை வேறானாலும் பொது மூதாதையிடமிருந்து வந்த ஒரே அடிப்படை அமைப்புள்ள உறுப்புகளுக்கு) மனிதக் கை, திமிங்கலத் துடுப்பு, வௌவால் இறக்கை மூன்றையும் வரைந்து, மேற்கை எலும்பை ஒரே நிறத்தில் தீட்டிப் பாருங்கள், போதும்.

உயிரினங்களின் உறவை மரக்கிளைகள் போலக் காட்டும் கிளைப்படத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நுனிகளில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல், இரண்டு கிளைகள் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். பல்லி, முதலை, பறவை மூன்றையும் வைத்துப் பழகலாம். முதலை பார்வைக்குப் பல்லி மாதிரி இருந்தாலும், அதற்கும் பறவைக்கும் பொதுவான மூதாதை இன்னும் பிந்திய காலத்தது. அதாவது, முதலைக்குப் பறவைதான் நெருங்கிய சொந்தம். அதே படத்தில் முதலையையும் பறவையையும் இடம் மாற்றி வரைந்து பாருங்கள். உறவு அப்படியே இருக்கும்.