ஆல்டோ சாக்ஸ்ல கார்மென் ஃபேன்டஸி: இதுவரைக்கும் வந்த தூரம்

கார்மென் ஆப்பெராவுல வர்ற ஹபனேரா பாட்டும், அதே மெட்டை அலங்கரிச்சு வாசிக்கிற வேரியேஷனும் ஓரளவு கைக்கு வந்துருச்சு, சூட்டோட சூடா எழுதி வச்சிடறேன். பிசேயோட அந்த ஆப்பெரா மெட்டுகளைக் கோத்து இந்த பீஸை ஃபிரான்ஸ்வா போர்ன் எழுதினது, மனுஷன் ஃப்ளூட்காரர், போர்தோ ஊர் தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவர், அப்புறம் துலூஸ்ல பாடம் எடுத்தவர். ஃப்ளூட்டுக்கு எழுதினதைத்தான் நான் ஆல்டோ சாக்ஸபோனுக்கு மாத்தின நோட்ஸ் வச்சு வாசிக்கிறேன்.

இதுக்கு முன்னாடி வாசிச்சது டெமெர்ஸ்மேன் ஃபேன்டஸி. அவரும் ஃப்ளூட்காரர்தான், ஆனா அது சாக்ஸுக்குன்னே எழுதினது, சாக்ஸபோனைக் கண்டுபிடிச்ச அடால்ஃப் சாக்ஸ் 1857லேர்ந்து 1870 வரைக்கும் பாரிஸ் கன்சர்வட்வார்ங்கிற இசைப்பள்ளில ராணுவ பேண்ட்காரங்களுக்கு கிளாஸ் எடுத்தப்போ இந்த மாதிரி பீஸ் எல்லாம் அவரே அச்சடிச்சு வித்தார். விரல் எங்க போகும்னு தெரிஞ்சு எழுதிருப்பாங்க. போர்ன் அப்படி இல்ல, அவர் மனசுல சாக்ஸே கிடையாது.

ஹபனேரா மெட்டு அரை அரை சுரமா கீழ இறங்குதுல்ல, அதுக்கு சைட் கீ மாதிரி மாற்று விரல் வழியெல்லாம் பழகியே ஆகணும், ஃபோர்க் எஃப் ஷார்ப், சைட் சி ரெண்டும் இல்லாம ஸ்லர், அதாவது நாக்கு தட்டாம சுரங்களைச் சேத்து வாசிக்கிறது, வழுக்காம வராது. இது நேரம் போட்டா வந்துடும். நிஜமான தலைவலி வேரியேஷன்தான். மெட்டு ஒரு பக்கம், அதைச் சுத்தி கார்டு சுரங்களா ஒண்ணொண்ணா ஓடுற ஆர்பெஜியோ இன்னொரு பக்கம், ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேக்கணும். ஃப்ளூட்ல கீழ் சுரம் மெலிசு, அதனால அவங்க அதை ஊதித் தூக்கிக் காட்டணும், சாக்ஸ்ல நேர் தலைகீழ், லோ சி, லோ பி எல்லாம் பஸ் ஹாரன் மாதிரி வந்து நிக்கும், மேல ஓடுற சின்ன சுரமெல்லாம் காணாமப் போயிடும். கீழ வரும்போது தாடையைத் தளர்த்தி சப்டோன்ல, அதாவது காத்து கலந்த மெலிசான தொனில, வாசிச்சுப் பாத்தேன், பரவால்ல, ஆனா வேகம் ஏத்தினா அது நிக்கமாட்டேங்குது. இப்போதைக்கு மெட்ரோனோம் 66ஐத் தாண்டவே இல்ல, அவசரமும் இல்ல.

டபுள் டங்கிங், அதாவது வேகமான சுரங்களுக்கு நாக்கை முன்னும் பின்னுமா மாத்தி மாத்தித் தட்டறது, இன்னொரு கதை. ஃப்ளூட்காரங்களுக்கு வாய்க்குள்ள ஒண்ணும் இல்ல, து-கு து-கு ஜாலியா வரும், நமக்கு மவுத்பீஸ் உள்ள இருக்கு, அந்த 'கு' மொழுக்குன்னு விழுது. நான் ரெண்டு ஸ்லர் ரெண்டு டங்னு மாத்திக்கிட்டேன், கேக்கவும் நல்லாத்தான் இருக்கு, எழுதினபடியேதான் வாசிக்கணும்ங்கிற சுத்தக்காரங்க திட்டினா திட்டட்டும்.

சைடுல ஒண்ணு. பிசேவுக்கு சாக்ஸ் தெரியாம இல்ல, 1872ல ஆர்லேசியன்ங்கிற நாடகத்துக்குப் போட்ட இசைல ஆல்டோவுக்கு அவ்ளோ அழகான சோலோ குடுத்தவர், 1875 மார்ச்ல கார்மென் போட்டப்போ அதுல ஒரு சாக்ஸ் கூட வைக்கல. மூணே மாசத்துல 36 வயசுல போயிட்டார். ஹபனேரா மெட்டே அவரோடது இல்ல, நாட்டுப்பாட்டுன்னு நெனச்சு எடுத்தது ஈராதியேர்ங்கிற ஸ்பெயின்காரர் பாட்டு.

அடுத்தது ஜிப்சி பாட்டு. ஆப்பெராவுல அது மெதுவா ஆரம்பிச்சு கடைசில தலைதெறிக்க ஓடும், அதனால முடிவுலேர்ந்து பின்னாடியா பழகலாம்னு இருக்கேன். மவுத்பீஸ்ல வைக்கிற ரீட்டோட விறைப்பு இப்போ 3, லோ நோட்ஸுக்காக 2.5க்கு இறங்கினா மேல் சுரம் சுருதி விட்டுப் போகுமான்னு பாக்கணும்.