பத்தமடை முக்கில் மஞ்சள் கொடி

போன மாதம் சேரன்மகாதேவி சாலையில் நடந்த சைக்கிள் பந்தயத்துக்கு, பத்தமடை முக்கில் கொடி பிடித்து நின்றேன். சாலையை மூடவில்லை. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு வேன், அவ்வளவுதான். 40 பேர் கூட்டமாக வரும்போது சந்திலிருந்து நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தலையை நீட்டியது. "அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க!" என்று கத்தினேன். நிறுத்திவிட்டார். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஐரோப்பாவில் பைக்கில் வரும் மார்ஷல்கள், அதாவது பந்தய வழியைக் காக்கும் ஆட்கள், கூட்டத்தை முந்திப் போய் அடுத்தடுத்த சந்திப்புகளில் வண்டிகளை நிறுத்துவார்கள். பந்தயம் கடந்ததும் சாலை திறந்துவிடும். அங்கேயும் 2003 பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரே கிவிலெவ் என்ற வீரர் விழுந்து தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் ஹெல்மெட் கட்டாயமானது.

நமக்கு 6 பைக், 6 விசில் போதும். அப்புறம், அறுவடை நேரமென்றால் டிராக்டர்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை நெல் களத்துக்கு நானே போய்ச் சொல்கிறேன்.