மலையடிவாரத்து வீடுகளில் போய்ப் பேச ஆள் வேண்டும்

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்கள் மிக்கானியா என்ற கொடியை நிச்சயம் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. இதய வடிவ இலை, இரண்டிரண்டாக எதிரெதிரே வரும், பூ பொடிப்பொடியாக வெள்ளைக் கொத்து. கொஞ்சம் வெயில் விழுந்தால் போதும், மரக்கன்று, புதர், வேலி என்று எதையும் விடாமல் மேலேறி மூடிவிடும், அடியில் இருக்கிற செடிக்கு வெளிச்சமே போகாது. மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்துக் கொடி இது. எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் (காப்புக்காட்டு எல்லைக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், நாமாகப் பாராங் கத்தியோடு இறங்கிவிடக் கூடாது). பிடுங்க ஆள் வந்துவிடுகிறார்கள். கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை என்று ஒரு செய்தி போட்டால் இளைஞர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், வியர்க்க வியர்க்க உழைக்கவும் செய்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்து வீடுகளில் கதவைத் தட்டிப் பேசுவதற்கு ஆளே கிடைப்பதில்லை, எனக்குத் தெரிந்து அதுதான் முக்கியமான வேலை.

காரணம் இதுதான். மிக்கானியாவின் தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் ஈரமண்ணில் வேர்விட்டு மறுபடி கிளம்பிவிடும். விதை வேறு பஞ்சு முளைத்துக் காற்றில் போகிறது. வீட்டுப் பின்புறத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் வெட்டிய கொடியையும் தழையையும் மூட்டை கட்டிக் காட்டோரத்தில் கொட்டிவிடுகிறார்கள், இலைதழைதானே மக்கிப்போகும் என்ற நினைப்பில், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாங்கள் மேலே ஒரு காலை முழுக்கச் சுத்தம் செய்த இடத்துக்குக் கீழேயே புதிதாக ஒரு மூட்டை கிடக்கும். மீன் தொட்டியில் வளர்த்த ஆகாயத்தாமரையை மழைக் கால்வாயில் விடுவதும் இதே கதைதான்.

அறிவிப்பு ஒட்டிப் பார்த்தோம், நின்று படிக்கிறவர்கள் குறைவு. அப்புறம் கோயிலில் பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், கையில் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு போய்த் தமிழிலேயே பேச ஆரம்பித்தோம். அங்கேதான் விஷயம் மாறியது. கெடாவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆகி பினாங்குக்கு வந்த ஒரு பாட்டி கொடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத இழுத்து அறுத்தா நூறா வரும்டா தம்பி, ஓரத்துல இருந்து சுருட்டிக்கிட்டே வா, வேர் மேல வர்றப்ப மட்டும் வெட்டு" என்றார். அன்று மாலையே செய்து காட்டினார். பாய் சுருட்டுவது போல ஒரு பெரிய விரிப்பை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார், கீழே விழுந்த துண்டு மிகவும் கொஞ்சம். சுருட்டியதைத் தரையில் போடாமல் மரக்கிளையில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தென்கிழக்காசியாவில் ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடிவைக்கும் கொடி என்று இதை வளரவிட்டிருக்கிறார்கள். 1960களில் மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சியாளர்களே இது பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) வளர்ச்சியைப் பிடித்துவைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நிரைக்கு நிரை அதை இழுத்துப் போட்டவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள். அவ்வளவு அனுபவம் நம் வீடுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, யாரும் போய்க் கேட்பதில்லை, எனக்கு இது உண்மையாகவே வருத்தம்.

இன்னொரு விஷயத்திலும் பெரியவர்கள்தான் உதவினார்கள். கிளிடேமியா என்று ஒரு புதர் உண்டு, அதுவும் அமெரிக்கப் பக்கத்துச் செடி, நிழலிலும் வளரும் என்பதால் காட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது, நெகிரி செம்பிலானில் பாசோ காடு வரைக்கும் போயிருக்கிறது. இதற்கும் நம் ஊர்ச் செண்டுடுக் புதருக்கும் இலை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், புதியவர்கள் செண்டுடுக்கைப் பிடுங்கிவிடுவார்கள். செண்டுடுக் நம் மண்ணுக்குச் சொந்தமானது, அதை விட்டுவிட வேண்டும். பூவைப் பாருங்கள்: செண்டுடுக்குக்குப் பெரிய ஊதாப் பூ, கிளிடேமியாவுக்குச் சின்ன வெள்ளைப் பூ, தண்டிலும் இலையிலும் நீள நீளமாக முடி. பழத்தையும் பார்க்கலாம், செண்டுடுக் பழம் தானாக வெடித்துத் திறக்கும், தின்றால் நாக்கெல்லாம் கறுக்கும். தோட்டத்துப் பிள்ளைகளாக அதைத் தின்றவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கிளிடேமியாவின் கருநீலப் பழத்துக்குள் விதை ஏராளம், பறவைகள் தின்று பரப்பும், அதனால் முதலில் பழத்தைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுக்க வேண்டும்.

சரிவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஆர்வத்தில் மொத்தமாக மொட்டையடித்துவிடாதீர்கள். 2017 நவம்பரில் இந்தத் தீவில் வெள்ளமும் மண்சரிவும் என்ன செய்தன என்று பார்த்தவர்கள் நாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் நம் காட்டுக் கன்றுகள் தலையெடுத்த பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். ரெசாம் பெரணி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

பார்த்தீனியம் என்ற களையை எங்காவது பார்த்தால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோல் அரிப்பு, மூச்சுத்திணறல் வரும். நம் நாட்டில் 2013இல் உலு சிலாங்கூரில் கண்டுபிடித்தார்கள். விவசாய இலாகாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

2021இல் கொடிமலையை (பினாங்கு ஹில்) யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அப்படி ஒரு காப்பகத்தில் நடுவே காடு மட்டும் இல்லை, அதைச் சுற்றி மனிதர்கள் வாழும் பகுதியும் சேர்த்திதான், அதாவது நம் வீடு, நம் பூந்தொட்டி, நாம் கட்டிப்போடும் தழை மூட்டை எல்லாம் கணக்கில் வருகிறது.

ஆகவே வருகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வாருங்கள், குரங்குகள் இருக்கின்றன, சாப்பாட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வெயிலில் நிற்க முடியாதவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேசலாம், நாலு வார்த்தை தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்தால் போதும். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் மலை ஏற வேண்டாம், அடிவாரத்தில் நிழல் பார்த்து நாற்காலி போட்டுவைக்கிறோம், நாங்கள் கொண்டுவருவதைப் பார்த்து எது வேண்டும் எது வேண்டாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.