பன்னிரண்டு இடம், பதினொரு தொட்டி

பூந்தொட்டிகள் வைக்க நான் செய்திருந்த பழைய மரத்தட்டு ஒரு மாலை நேரத்தில் சாய்ந்தது. காற்றுகூட இல்லை. மேல்படியில் இருந்த பெரணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் முனகல் போல ஒரு சத்தம். தலைசுற்றிய ஆள் போலத் தட்டு மெதுவாக இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தது. மற்றவையெல்லாம் எப்படியோ பிழைத்துக்கொண்டன. செம்பருத்தி இருந்த மண்தொட்டி மட்டும் நான்கு துண்டாகிவிட்டது.

"தட்டு செய்யத் தெரியும் என்றாயே?" என்றார் அம்மா. எனக்கு ஆணி அடிக்கத்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பாரம் தாங்காமல் பலகை முறிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்துப் பார்த்தேன். ஒரு பலகைகூட முறியவில்லை. ஆனால் கால்களின் அடிப்பகுதியில் திருப்புளியை வைத்து அழுத்தினால் ஈர மண்ணில் இறங்குவது போல இறங்கியது. மேலே நல்ல மரம், கீழே இரண்டு அங்குலம் வெறும் சக்கை. மரத்தின் பக்கவாட்டுப் பரப்பு அவ்வளவு சீக்கிரம் தண்ணீரைக் குடிப்பதில்லை, வெட்டுமுகம் குடிக்கும். வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. மரத்தை வெட்டி எத்தனை காலம் ஆனாலும் அவை உறிஞ்சும் வேலையை விடுவதில்லை. நானோ நான்கு கால்களையும் தண்ணீர் தேங்கும் தரையில் நிறுத்திவைத்து, கண்ணில் படும் இடங்களுக்கு மட்டும் வார்னிஷ் பூசியிருந்தேன்.

புதியதைத் தொடங்கும் முன் ஒரு தொட்டியை எடை மேடையில் ஏற்றினேன். 10 அங்குல மண்தொட்டி, மண் காய்ந்திருந்தபோது 9 கிலோ. தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, மறுபடி வைத்தால் 12 கிலோ. படிக்கு நான்கு தொட்டி என்றால் 48 கிலோ. மூன்று படிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது பழைய தட்டின் மேல் லேசாக மரியாதை வந்தது.

4 அடி நீளம், மூன்று படி. படிகளின் உயரம் 8, 16, 24 அங்குலம். கால்களுக்கு 2 அங்குலச் சதுரச் சட்டம். மரம் தேக்கு. தேக்கு என்று பெயர் இருந்துவிட்டால் போதாது. வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் வெயில் மழைக்கு நிற்கும். ஓரத்து வெளிறு சாதாரண மரம் போலவே உளுத்துவிடும். வாங்கியதில் இரண்டு சட்டங்களில் வெளிறு இருந்தது. அவற்றைப் பார்வைக்கு எடுப்பான முன்பக்கத்தில் வைக்கத்தான் ஆசை. ஆசையை அடக்கி, தரையில் படாத குறுக்குச் சட்டங்களாக்கினேன்.

படிக்கு முழுப் பலகை வேண்டாம். 2 அங்குல அகலப் பட்டைகள் நான்கு, நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. தொட்டியில் வடியும் தண்ணீர் நேரே கீழே போய்விடும். மரம் ஈரத்தில் ஊதி அகலமானாலும் ஒன்றையொன்று இடிக்காது. மரம் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆணிகளை ஒதுக்கிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போட்டேன். பழைய தட்டில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கண்மை வழிந்தது போலக் கறுப்புக் கறை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கூடினால் அப்படித்தான். துளையிடாமலே திருகாணியை முடுக்கியதில் முதல் பட்டையின் முனை பிளந்தது. அவசரத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு பட்டை. அதன் பிறகு ஒவ்வொரு திருகாணிக்கும் முன்துளை போட்டேன்.

சட்டங்களைக் கூட்டி நிறுத்திவிட்டு ஒரு மூலையில் விரலால் தள்ளினேன். ஆடியது! அத்தனை கவனமாகச் செய்தும், அதே பழைய ஆட்டம். நான்கு பக்கச் சட்டம் எவ்வளவு இறுக்கி முடுக்கினாலும் ஒருநாள் சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அப்படி நெளியாது. முதுகுப் பக்கம் மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு அளவுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு தோளைத் தட்டி இரண்டையும் சமமாக்கி, குறுக்காக ஒரே ஒரு பட்டையைச் சாய்த்து முடுக்கினேன். மறுபடி தள்ளிப் பார்த்தேன். தட்டு அசையவில்லை, நான்தான் பின்னால் போனேன். பழையதில் அந்தப் பட்டை இருந்திருந்தால், சக்கையான காலோடுகூட இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும்.

கால்களின் வெட்டுமுகங்களை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தேன். குடித்துக்கொண்டே இருந்தன; மூன்று முறை ஊற்றிய பிறகுதான் போதும் என்றன. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துக் காயவிட்டேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ். தரைக்கும் மரத்துக்கும் நடுவே இப்போது காற்று போகிறது.

அம்மா வந்து மேல்படியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தொட்டிகளை எடுத்துத்தர ஆரம்பித்தார். கீழ்ப்படியின் கடைசி இடத்தில் வைக்கத் தொட்டி இல்லை. பூவாளியை அங்கே வைத்திருக்கிறோம்.