மனச்சோர்வோடு வரும் பதற்றம்: முதல் இரண்டு வாரம்தான் கண்டம்

மனச்சோர்வு என்றால் மூலையில் சுருண்டு கிடப்பது மட்டுமல்ல. பலருக்கு நெஞ்சு படபடக்கும், உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, ஏதோ விபரீதம் நடக்கப்போகிற நினைப்பு விடாது. இப்படிப் பதற்றமும் சேர்ந்துவிட்டால் நோய் லேசில் மசியாது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வில் முதல் மருந்தான சிட்டலோபிராமில் முழுதாகத் தேறியவர்கள், பதற்றம் உள்ளவர்களில் சுமார் 22 சதவீதம்; இல்லாதவர்களில் 33.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சோர்வு, பதற்றம் இரண்டுக்குமே கேட்கும். ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள், முதல் ஒன்றிரண்டு வாரத்தில், பதற்றத்தை இவையே கொஞ்சம் கூட்டிவிடலாம். "மாத்திரை ஒத்துக்கல" என்று பலர் நாலாம் நாளே நிறுத்துவது இதனால்தான். அதனால் பாதி அளவில் தொடங்குவது நல்லது: செர்ட்ராலின் 25 மி.கி., ஒரு வாரம் கழித்து 50. எஸ்சிட்டலோபிராம் 5, பிறகு 10. இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் தற்கொலை எண்ணம் வந்தாலோ, தூக்கமே இல்லாமல் தவிப்பு ஏறினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர்களிடம் கூடுதல் கவனம் தேவை.

சீட்டு எழுதுமுன் கேட்க வேண்டியவை: எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கிய நாட்கள் உண்டா? அப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் என்றால் இந்த மருந்துகளைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து. தைராய்டு, காபி, மது, இவற்றைப் பற்றியும் கேட்காமல் விடக்கூடாது.

குளோனசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை ஒரு மணி நேரத்தில் அமைதி தரும். வில்லங்கமும் அங்கேதான்: "இதுதான் மருந்து" என்று நம்பி மனச்சோர்வு மாத்திரையைக் கைவிடுவார்கள். 0.25 அல்லது 0.5 மி.கி., இரண்டு முதல் நான்கு வாரம், நிறுத்தும் தேதியும் சீட்டிலேயே இருக்கட்டும். மதுவோடு கூடாது, முதியவர்கள் தடுமாறி விழலாம்.

மாத்திரையோடு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும். சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் தீனி ஒன்றே: தவிர்ப்பது. எடுக்காமல் விட்ட ஒரு போன், தள்ளிப்போட்ட ஒரு சந்திப்பு. அவற்றில் மிகச் சிறியதை எடுத்து, படபடப்பு இருக்கும்போதே செய்வதுதான் பயிற்சி.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மனச்சோர்வு மருந்து தொடர வேண்டும். பிறகு பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கலாம். நிறுத்திய சில நாட்களிலேயே தலைசுற்றலோ, ஷாக் அடித்தது போன்ற உணர்வோ வந்தால் அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதால் வரும் விலகல் விளைவு. நோய் திரும்புவது மெதுவாக, பெரும்பாலும் வாரங்கள் கழித்துத்தான்.