வக்கீல்மேல் புகார் கொடுத்த பத்து மாதம்

எங்கள் பாகப்பிரிவினை வழக்கு தள்ளுபடியான செய்தியை வக்கீல் சொல்லவில்லை. எதிர்த்தரப்பான என் சித்தப்பா மகன் டீக்கடையில் வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். வாய்தா நாளில் எங்கள் பக்கம் யாரும் ஆஜராகவில்லையாம். வக்கீலோ, "நீங்கள் வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றே சொல்லிவந்தார். வாய்தா தேதிகளை இ-கோர்ட்ஸ் செயலியில் காசில்லாமல் பார்த்திருக்கலாம். அது அப்போது எனக்குத் தெரியாது.

வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அதுவும் கடந்திருந்தது. புதிய வக்கீல் வழக்குக் காகிதங்கள் அடங்கிய கட்டைக் கேட்டார். பழையவர், பாக்கி 25,000 ரூபாயைக் கொடுத்தால்தான் கட்டும் மூலப் பத்திரமும் கிடைக்கும் என்றார். கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-இலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும்.

வக்கீல்களைப் பதிவு செய்து, அவர்கள்மேல் வரும் புகாரையும் விசாரிக்கும் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதப் பழைய வக்கீலின் பதிவு எண் தேவைப்பட்டது. எனக்காக வாதாட அவருக்கு அதிகாரம் கொடுத்த வக்காலத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதிவு எண்ணின் கடைசியில் பதிவு செய்த ஆண்டு இருக்கும். முப்பது வருட அனுபவம் என்று சொன்னவரின் எண் 2009 என்று முடிந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். வழக்குத் தொடுக்கும் பிராது போலவே கடைசியில், சொன்னதெல்லாம் உண்மை என்று உண்மையுறுதி எழுதிக் கையொப்பமிட்டு, கட்டணமும் செலுத்த வேண்டும். என் முதல் வரைவு மூன்று பக்க வசை. புதிய வக்கீலின் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "அவர் நல்லவரா என்று உங்களை யார் கேட்டார்கள் சார்? தேதியை எழுதுங்கள்" என்றார். தேதிகளும் பணம் அனுப்பிய வங்கி விவரமும் தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலும் மட்டும் மிஞ்சின.

பார் கவுன்சில் நோட்டீஸ் போன மறுவாரம் பழைய வக்கீலின் ஆள் மஞ்சள் பையில் கட்டோடும் பத்திரத்தோடும் வீட்டுக்கு வந்தார். கூடவே, புகாரை வாபஸ் பெறுவதாகத் தட்டச்சு செய்த கடிதம். "ஒரே ஒரு கையெழுத்து அண்ணே." பத்திரத்தைக் கையில் வாங்கியதும் மனம் இளகியது உண்மை. குமாஸ்தாவுக்குப் போன் செய்தேன். வாபஸ், சமரசம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி என்றார். பையை வைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூவர், மூவரும் வக்கீல்கள். அவர்களுக்குள் விட்டுக்கொடுப்பார்களா என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் சத்தியப் பிரமாணம், சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் நீதிமன்றம் போலவே நடந்தன. "கட்டணப் பாக்கி உண்டா இல்லையா?" என்று என்னையே நாலு விதமாகக் கேட்டார்கள். உண்டு என்றேன். புகார் ஓராண்டுக்குள் முடியாவிட்டால் டெல்லியிலுள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். எங்களுடையது பத்தாம் மாதம் முடிந்தது. தண்டனை வெறும் கண்டனம். தொழில் செய்யத் தடையோ பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கமோ இல்லை. என் பணமும் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்யவில்லை.

வழக்கை மீண்டும் எடுக்க 30 நாள் கடந்த தாமதத்தை மன்னிக்கக் கோரிய மனுவை நீதிமன்றம் அனுமதித்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை 2,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். வாங்கிக்கொண்ட சித்தப்பா மகன் அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.