கோடு வேறு, சைபர் வேறு

"கோடு போட்டா சைபர்னு யாரு சொன்னா தம்பி?"

கேட்டவர் வாய்க்கால் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடி நீர் அளவைக் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டா வாய்க்கால்களின் பழைய நீர் அளவுப் பதிவேடுகளைக் கணினியில் கணக்கிடும்போது, அவற்றில் இருந்த கோட்டுக் குறிகளை நான் சைபராக்கியிருந்தேன். "கணக்குக்கு அப்படி வச்சிருக்கோம் ஐயா" என்றேன். அந்தக் 'கணக்குக்கு' என்ற சொல் இன்னும் நெருடுகிறது. அதில் பாதி உண்மை என்பதால்தான் நெருடல்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 120 வாய்க்கால் தலைப்புகள், 40 ஆண்டுகள், ஆண்டுக்கு 366 கட்டங்கள், காலை ஓர் அளவு, மாலை ஓர் அளவு. மொத்தம் 35,13,600 எண்கள். நான் பயன்படுத்தும் டயலாக் ஏபிஎல் என்ற நிரல்மொழிக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனாலும் நிரல் நத்தையாக ஊர்ந்தது. பதிவேட்டில் இருந்த '-' குறியைத் தட்டச்சு செய்தவர்கள் அப்படியே எழுத்தாக உள்ளிட்டிருந்ததுதான் காரணம்.

ஏபிஎல்லில் ஒரு அணி (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய தொகுப்பு) முழுக்க முழு எண்ணாக இருந்தால், அதில் உள்ள மிகப் பெரிய எண் எவ்வளவோ அதற்கேற்ற அகலத்தில் எல்லாம் அடுத்தடுத்து உட்கார்ந்துகொள்ளும். 32,767 கனஅடிக்குள் அடங்கினால் எண்ணுக்கு 2 பைட், மொத்தம் 7 எம்பி. கொள்ளிடம் மாதிரி ஓரிடத்து வெள்ள அளவு ஒன்று உள்ளே நுழைந்தாலும் எல்லா எண்ணும் 4 பைட்டுக்குப் போகும். எங்காவது ஒரு தசமப் புள்ளி வந்தால் எல்லாம் 8 பைட். எழுத்து கலந்தால்தான் கதையே மாறுகிறது. அப்போது அணியில் எண்கள் இருக்காது, எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சுட்டிகள்தான் இருக்கும். சுட்டிக்கு மட்டும் 8 பைட், அதாவது 28 எம்பி, அது காட்டும் இடத்துக்கான நினைவகம் தனி. அதோடு, எழுத்தைக் கண்டதும் கூட்டல் 'டொமைன் எரர்' என்று நின்றுவிடும். அதனால் பழைய நிரல் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்து 'நீ எண்ணா, எழுத்தா' என்று கேட்டுக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பியில் (இன்டர்ப்ரெட்டரில்) ஓடும் மொழி இது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நிலையான செலவு உண்டு. அணி முழுவதையும் ஒரே செயலாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஒரு முறை. கட்டம் கட்டமாகக் கொடுத்தால் 35 லட்சம் முறை.

கோட்டையெல்லாம் சைபராக்கினேன். அணி தட்டையானது. கூட்டல் கண் இமைப்பதற்குள் முடிந்தது. அன்று செய்த வேலைகளில் இதுதான் பெரிய வெற்றி என்று நினைத்தேன்.

மற்ற இரண்டு திருத்தங்களில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பழைய நிரல் ஒவ்வொரு பதிவேட்டையும் படித்து, ஏற்கெனவே உள்ள அணியின் வாலில் ஒட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஒட்டலிலும் அதுவரை சேர்ந்தது முழுவதும் புது இடத்துக்கு நகல் ஆகும். 120 தலைப்பு, 40 ஆண்டு என்றால் 4,800 பதிவேடுகள். 4,800 நகலில் முடிய வேண்டியது ஒரு கோடியைத் தாண்டிவிடும். முழு அளவுக்கும் சைபர் நிரப்பிய அணியை முதலிலேயே ஒதுக்கி, உரிய கட்டத்தில் எழுதினால் போதும்.

அடுத்தது அச்சு வரிசை, அதாவது நாள், ஆண்டு, வாய்க்கால் என்ற அணியின் திசைகளில் எது முதல், எது கடைசி என்பது. ஏபிஎல் கடைசி அச்சைத்தான் நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கும். பழைய அணியில் நாள் முதல் அச்சு. எங்கள் கேள்விகளோ பெரும்பாலும் 'இந்த வாய்க்காலில் இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு' என்பது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவில் 9,600 எண்கள், 19,200 பைட் இடைவெளி. செயலி ஒரு முறை அள்ளும் 64 பைட்டில் நமக்கு உதவுவது 2 பைட் மட்டும். நாளைக் கடைசி அச்சாக்கினால் ஓர் ஆண்டின் காலை அளவு முழுவதும் 732 பைட்டில் ஒரே கொத்தாகக் கிடைக்கும்.

சுட்டெண்ணிலும், அதாவது கட்டத்தின் வரிசை எண்ணிலும், ஒரு தவறு நடந்தது. ஆனால் அது நல்ல தவறு, அரை மணியில் சிக்கியது. ஜனவரியில் தொடங்கும் ஆண்டில் ஜூன் 12 சாதாரண ஆண்டில் 163ஆவது நாள், லீப் ஆண்டில் 164ஆவது. இந்த வம்பே வேண்டாம் என்று ஜூன் 1இல் தொடங்கும் பாசன ஆண்டாக மாற்றினோம். மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்கும் ஜூன் 12க்கு எப்போதும் 12ஆவது கட்டம், பிப்ரவரி 29க்கு 274ஆவது கட்டம். பைத்தான் மொழியில் எழுதிய துணை நிரல் சைபரிலிருந்து எண்ணும், ஏபிஎல் நாம் மாற்றாதவரை ஒன்றிலிருந்து. அங்கிருந்து வந்த 11 இங்கே ஜூன் 11 ஆனது. திறப்பு நாளன்று மேட்டூரில் பாசன வெளியேற்றம் சைபர் என்று பட்டியல் சொன்னால் டெல்டாவில் யார்தான் நம்புவார்?

இதைவிட நுட்பமான ஒன்றும் இருந்தது. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். இரண்டையும் ஒப்பிட வரிசையை மூன்று கட்டம் நகர்த்த வேண்டும். ஏபிஎல்லின் சுழற்சிக் குறி நகர்த்தும்போது விளிம்பில் விழுந்ததை மறு விளிம்பில் கொண்டுவந்து ஒட்டும். ஜூன் முதல் மூன்று நாள் மே கடைசியில் போய் உட்காரும், பிழைச் செய்தியே வராது. சுழற்றாமல், எல்லா ஆண்டையும் நீட்டி ஒரே வரிசையாக்கி நகர்த்தினாலும் பிப்ரவரி 29 என்ற வெற்றுக் கட்டம் குறுக்கே வரும். அதைத் தாண்டும்போது மூன்று கட்டம் என்பது உண்மையில் இரண்டு நாள்தான். நகர்த்துவதற்கு முன்பே அந்தக் கட்டங்களைச் சலித்து நீக்க வேண்டும். பிப்ரவரியில் பாசனத்துக்கு அணையே மூடியிருக்கும், வழக்கப்படி ஜனவரி 28 கடைசி. ஆகவே இந்தப் பிழையால் எங்கள் விடை மாறவில்லை. மாறாததைச் சரி என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

இத்தனையும் சரிபார்த்த நான், கோட்டைச் சரிபார்க்கவில்லை.

"ஷட்டர் அடைச்சா நாங்க சைபர்தான் போடுவோம். கோடு போட்டா அன்னைக்கு ஸ்கேலைப் பாக்கலைன்னு அர்த்தம்" என்றார் அவர்.

மாதத்தில் 22 நாள் 100 கனஅடி, 8 நாள் கோடு என்று வையுங்கள். அளந்த நாட்களின் சராசரி 100. கோட்டைச் சைபராக்கினால் 73.3. வாய்க்கால் கால்வாசி வற்றிவிட்டது. கோட்டுக்குப் பதில் -1 போடலாமே என்பார்கள். அகலம் கூடாதுதான், ஆனால் மறந்துபோய்க் கூட்டினால் 73.07. சரியான வழி, பக்கத்தில் முகமூடி அணி என்று இன்னோர் அணி: அளந்த கட்டத்துக்கு 1, அளக்காததற்கு 0. டயலாக் இதைக் கட்டத்துக்கு ஒரு பிட்டாக வைக்கும், மொத்தம் அரை எம்பிகூட இல்லை. இரண்டையும் பெருக்கிக் கூட்டி, ஒன்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேகமும் குறையாது, கோடும் அழியாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். கோடு என்றால் அடைப்பு என்று நானாகவே முடிவுகட்டியதால் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏபிஎல்லை உருவாக்கிய கென்னத் ஐவர்சன், 1979இல் டூரிங் விருது உரையில் குறியீட்டைச் சிந்தனைக்கான கருவி என்றார். அந்த உரையை எடுத்துக்காட்டிப் பலருக்கு ஏபிஎல் சிபாரிசு செய்திருக்கிறேன். பதிவேட்டுக் கோடும் ஒரு குறியீடு என்று தோன்றவே இல்லை.

முகமூடி அணி வந்த பிறகு எல்லாம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். "எந்த நாள்ல ஐயா பாக்க முடியாமப் போகும்?" என்று கேட்டேன். "அடைமழையிலதான். ஐப்பசி கார்த்திகையில கரையில கால் வைக்க முடியாது." அன்று மதகு திறந்திருந்ததா? "வயல் முழுகிடும்னு அடைச்சிருப்போம். அடைக்க ஆள் போக முடியலைன்னா தொறந்தே கெடக்கும்." ஆக, கோடு விழுந்த நாட்கள் மற்ற நாட்களைப் போன்றவை அல்ல. அவற்றை விட்டுவிட்டு எடுக்கும் 100ம் சரியில்லை. அடைத்திருந்த நாட்களுக்கு என் பழைய சைபரே சரியாகவும் இருந்திருக்கலாம். இப்படி நினைக்கும்போது சற்று நிம்மதி. பிறகு, எந்தெந்த நாட்கள் என்று தெரியாதே என்பது நினைவுக்கு வரும்.

இப்போது நிரல் இரண்டு சராசரிகளையும் கோடுகளின் எண்ணிக்கையையும் அடுத்தடுத்த நெடுவரிசையில் அச்சிடுகிறது. பட்டியல் வாங்குபவர்கள் முதல் நெடுவரிசையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். சைபர் போட்ட பழைய பட்டியல்களைத் திரும்பக் கேட்டு எழுதினேன். இரண்டு வந்திருக்கின்றன.